அலாரம் ‘ஆஃப்’ ஆனால் ஏன் அடிக்கிறது?

பெரிய அலுவலகங்களில் லிஃப்ட் பக்கத்திலும், ஓட்டல் அறைகளில் கதவின் பின்பக்கத்திலும் இந்த மாதிரி ஒரு அறிவிப்பு ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: ‘இஃப் தி ஃபயர் அலாரம் கோஸ் ஆஃப், லீவ் தி பில்டிங் இமீடியட்லி.’

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். தீ அலாரம் அடித்தால் உடனே கட்டடத்தை விட்டு வெளியேறுங்கள் என்பது ஒன்று. தீ அலாரம் நின்றுவிட்டால் வெளியேறுங்கள் என்பது இன்னொன்று. முதலாவதுதான் சரி. ஆனால் நம்மில் பலருக்கு முதலில் மனதில் வருவது இரண்டாவதுதான். மணி காதைக் கிழிக்கும்போது ‘நின்னதும் போவோம்’ என்று ஒருவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்துக்கு அதுதான் அர்த்தம்.

பால் ‘வென்ட் ஆஃப்’ என்றால் கெட்டுப்போச்சு. லைட் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அணைஞ்சு போச்சு. குண்டு ‘வென்ட் ஆஃப்’ என்றால் வெடிச்சிருச்சு. கல்யாணம் ‘வென்ட் ஆஃப் வெல்’ என்றால் நல்லபடியா நடந்தது. ஒரே சொல்லுக்கு நடப்பதும் நிற்பதும் எப்படிப் பொருளாக முடியும்? ‘ஆங்கிலம் அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். தோண்டிப் பார்த்தால் உள்ளே ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதை எழுதி வைக்கத்தான் இந்தக் குறிப்பு.

நம்ம ‘ஆஃப்’ எங்கிருந்து வந்தது

முதலில் குழப்பத்தின் வேரைப் பார்ப்போம். தமிழில் ‘ஆஃப்’ என்பது இப்போது ஒரு தமிழ்ச்சொல் மாதிரிதான். ‘லைட்டை ஆஃப் பண்ணு’, ‘மோட்டார் ஆஃப் ஆயிடுச்சு’, ‘போன் ஸ்விட்ச் ஆஃப்’. ஆங்கிலமே படிக்காத பாட்டியும் இதைச் சொல்வார். இந்தச் சொல் நமக்கு வந்த வழி சுவிட்ச் பெட்டி. அதில் இரண்டே எழுத்து: ஆன், ஆஃப். அதனால் ‘ஆஃப்’ என்றால் நிறுத்தம், அவ்வளவுதான் என்று மனதில் பதிந்துவிட்டது.

ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ சுவிட்சுகளை விடப் பல நூற்றாண்டு பழைய சொல். அதற்கு ‘நிறுத்தம்’ என்பது பல பொருள்களில் ஒன்று மட்டும். அதுவும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருள். நாம் வாலைப் பிடித்துக்கொண்டு அதுதான் யானை என்கிறோம்.

ஃப்ரேசல் வெர்ப் என்கிற தலைவலி

‘கோ’, ‘புட்’, ‘டேக்’ மாதிரி சாதாரண வினைச்சொல்லோடு ‘ஆஃப்’, ‘அப்’, ‘அவுட்’ மாதிரி ஒரு துக்கடாச் சொல் சேர்ந்து, இரண்டும் தனித்தனியாகத் தராத ஒரு பொருளைத் தந்தால் அதற்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். அந்தப் பெயர் பரவியது லோகன் பியர்சல் ஸ்மித் 1925-ல் வெளியிட்ட ‘வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்’ என்ற புத்தகத்தால். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்த பெயர் அது என்று ஸ்மித்தே குறிப்பிடுகிறார்.

பெயர்தான் புதுசு. தலைவலி பழசு. 1755-ல் சாமுவேல் ஜான்சன் தன் ஆங்கில அகராதியை வெளியிட்டபோது அதன் முன்னுரையிலேயே இந்தச் சொற்கூட்டங்களைத் தனியாக எடுத்துச் சொன்னார். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் மிகக் கடினமான இடம் இதுதான் என்பது அவர் கருத்து. அவர் கொடுத்த உதாரணங்களில் ‘ஆஃப்’ சேர்ந்தவை பல உண்டு. ஆக, நாம் தடுக்கி விழுவது 270 வருடமாகப் பலரும் விழுந்த பள்ளத்தில்தான்.

கோ ஆஃப்: பொருள் பட்டியல்

இன்றைய ஆங்கிலத்தில் இதன் முக்கியமான பொருள்கள் இவை.

1. கிளம்பிப் போவது. ‘ஷி வென்ட் ஆஃப் டு ஸ்கூல்’: பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனாள். நாடகப் பிரதிகளில் ஒரு பாத்திரம் மேடையை விட்டுப் போவதற்கும் இதே சொல். ‘கோ ஆஃப் வித்’ என்றால் ஒருத்தரோடு ஓடிப்போவது, அல்லது அடுத்தவர் பொருளைத் தூக்கிக்கொண்டு போவது.

2. வெடிப்பது, சுடுவது, அடிப்பது. குண்டு, துப்பாக்கி, பட்டாசு, அலாரம், சைரன், கேமரா ஃபிளாஷ், எலிப்பொறி எல்லாம் இதில் வரும்.

3. நின்றுபோவது. லைட், ஹீட்டர், கரண்ட்.

4. கெட்டுப்போவது. பால், மீன், கறி. இது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்கள் பெரும்பாலும் ‘கோ பேட்’ என்பார்கள். ஒரு ஆளின் திறமை மங்குவதற்கும் இங்கிலாந்தில் இதைச் சொல்வதுண்டு.

5. பிடிக்காமல் போவது. ‘ஐ ஹேவ் கான் ஆஃப் காஃபி’: முன்னே காபி பிடிக்கும், இப்போ பிடிக்கிறதில்லை. இதுவும் பிரிட்டிஷ் வழக்கே.

6. தூங்கிப்போவது. ‘தி பேபி ஹேஸ் கான் ஆஃப்’: குழந்தை கண்ணயர்ந்துவிட்டது. ‘டு ஸ்லீப்’ என்று சேர்த்தும் சொல்வார்கள்.

7. நடந்து முடிவது. ‘தி ஃபங்ஷன் வென்ட் ஆஃப் வெல்.’ நம் ஊர் ஆங்கிலத்திலும் இது சகஜம்.

8. ‘கோ ஆஃப் ஆன்’ ஒருத்தர்: அவர் மேல் எரிந்து விழுவது. அமெரிக்கப் பேச்சு வழக்கு.

ஐந்தாவதில் மட்டும் ‘ஆஃப்’-க்குப் பின்னால் காபி என்று ஒரு பொருள் நேரடியாக நிற்கிறது. மற்றவற்றில் தானாக நடப்பதுதான். அலாரத்தை யாரோ ‘கோ ஆஃப்’ செய்தார்கள் என்று சொல்ல முடியாது. செய்பவர் வந்துவிட்டால் வேறு வினை வரும். அது ஒரு நல்ல தடயம்; பின்னால் அதற்கு வருகிறேன்.

‘ஆஃப்’ சொல்லின் குடும்பம்

ஆங்கிலத்தில் வேற்றுமை உருபு மாதிரி வரும் ‘ஆவ்’ என்ற குட்டிச் சொல்லும் இந்த ‘ஆஃப்’-உம் ஒரு காலத்தில் ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் ‘விட்டு, விலகி’. அழுத்திச் சொன்னால் ஒரு உச்சரிப்பு, அழுத்தாமல் சொன்னால் இன்னொன்று. எழுத்திலும் பொருளிலும் இரண்டும் முழுசாகப் பிரிந்தது 1600-க்குப் பிறகு. ஜெர்மன் மொழியின் ‘அப்’, லத்தீனின் ‘அப்’, கிரேக்கத்தின் ‘அப்போ’, சமஸ்கிருதத்தின் ‘அப’ எல்லாம் இதன் ஒன்றுவிட்ட சகோதரர்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படைப் பொருள் ஒன்றே: விலகி.

சமஸ்கிருதத்தின் ‘அப’ தமிழுக்கும் நிறைய வந்திருக்கிறது. அபகரிப்பு என்பதைப் பிரித்தால் விலக்கி எடுத்துக்கொண்டு போவது. ஆங்கிலத்தில் ‘கேரி ஆஃப்’ என்பதற்கு அச்சு அசலான சொல். அபஸ்வரம் என்றால் சுரத்தை விட்டு விலகியது; ஆங்கிலத்தில் ‘ஆஃப் கீ’. அபசகுனம், அபகீர்த்தி எல்லாம் இதே வரிசைதான். கிரேக்க ‘அப்போ’ கூட பைபிள் வழியாகத் தமிழுக்கு வந்துவிட்டது. அப்போஸ்தலர் என்றால் அனுப்பி வைக்கப்பட்டவர், ‘சென்ட் ஆஃப்’. ஒரு எச்சரிக்கை: ‘அப’ என்று தொடங்கும் எல்லாம் இந்தக் குடும்பம் இல்லை. அபயம் என்பது பயம் இல்லாதது, அபலை என்பவள் பலம் இல்லாதவள். அங்கே முன்னால் நிற்பது ‘அ’ மட்டும்தான்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சொல் அபாயம். ‘அப’ என்றால் விலகி. ‘இ’ என்பது போவதைக் குறிக்கும் சமஸ்கிருத வேர். அதிலிருந்து வருவது ‘அய’. இரண்டும் சேர்ந்தால் அபாயம். நேர்ப்பொருள், விலகிப் போதல். அங்கிருந்து இழப்பு, அழிவு, ஆபத்து என்று பொருள் நகர்ந்தது. அதாவது அபாயம் என்ற சொல்லை உறுப்பு உறுப்பாகப் பிரித்தால் கிடைப்பது ‘கோ ஆஃப்’! இதற்கு ஜோடி உபாயம். ‘உப’ என்றால் கிட்டே. கிட்டே போவது உபாயம், விலகிப் போவது அபாயம்.

ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ‘கோ’ வேறு வேர், ‘இ’ வேறு வேர். இரண்டு மொழிக்காரர்களும் ‘விலகி’ என்பதையும் ‘போ’ என்பதையும் தனித்தனியாகச் சேர்த்தார்கள். இருவருக்கும் அந்தச் சேர்க்கை கெடுதலின் பக்கம் சாய்ந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

எதை விட்டு விலகுகிறது?

ஆக, ‘கோ ஆஃப்’ என்பதை ‘இருந்த நிலையை விட்டு விலகிப் போ’ என்று வைத்துக்கொள்வோம். உடனே ஒரு கேள்வி வரும்: இருந்த நிலை எது? அந்தக் கேள்விக்குப் பதில் பொருளுக்குப் பொருள் மாறும். முடிச்சு அங்கேதான் அவிழ்கிறது.

லைட்டின் வேலை எரிவது. எரியும் நிலையை விட்டுப் போனால் அணைகிறது. பாலின் நல்ல நிலை அதன் பதம். பதத்தை விட்டுப் போனால் திரிகிறது. காபிப் பிரியரின் நிலை அந்த ஆசை. ஆசையை விட்டுப் போனால் பிடிக்காமல் போகிறது. குழந்தை விழிப்பை விட்டுப் போனால் தூங்குகிறது.

துப்பாக்கியும் குண்டும் அலாரமும் வேறு ஜாதி. அவை சும்மா இருக்கும் பொருள்கள். இன்னும் சரியாகச் சொன்னால், சும்மா இருக்கும்படி பிடித்து வைக்கப்பட்ட பொருள்கள். எலிப்பொறியை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை முறுக்கி, கம்பியைக் கொக்கியில் மாட்டி, மசால்வடைத் துண்டு வைத்து ஓரமாக வைக்கிறோம். அதன் ‘இருந்த நிலை’ அந்தக் கொக்கிப் பிடி. எலி தொட்டதும் கம்பி பிடியை விட்டுப் போகிறது. டப்!

பழைய துப்பாக்கியும் இதே கதைதான். சிக்கிமுக்கிக் கல் வைத்த துப்பாக்கியில் கல்லைப் பிடித்திருக்கும் ஒரு வளைந்த கை உண்டு. அதைப் பின்னால் முழுசாக இழுத்தால் ஒரு பிடியில் மாட்டி நிற்கும். டிரிக்கரை இழுத்ததும் பிடி நழுவும். கை ஸ்பிரிங் வேகத்தில் பாய்ந்து, கல் இரும்பில் உரசி, பொறி பறந்து, வெளியே சின்னத் தட்டில் இருக்கும் மருந்து பற்றும். அந்த நெருப்பு துளை வழியாக உள்ளே போய் குழலில் இருக்கும் மருந்தை வெடிக்க வைக்கும். கையைப் பாதி மட்டும் இழுத்து வைத்தால் அது பாதுகாப்பு நிலை. அப்போது சுடக் கூடாது. பாதி நிலையிலேயே சுட்டுவிட்டால்? அதிலிருந்து வந்ததுதான் ‘கோ ஆஃப் ஹாஃப் காக்டு’. முழுசாகத் தயாராகாமல் அவசரப்பட்டுக் குதிப்பவர்களைச் சொல்வது.

சாவி கொடுக்கும் அலாரம் கடிகாரம் ஞாபகம் இருக்கிறதா? பின்பக்கம் இரண்டு சாவி இருக்கும். ஒன்று நேரம் ஓட, ஒன்று அலாரத்துக்கு. அலாரச் சாவியை முறுக்கும்போது ஸ்பிரிங்கில் சக்தி சேர்கிறது. ஒரு சின்ன நெம்புகோல் சுத்தியலை அசையவிடாமல் பிடித்திருக்கும். நாம் வைத்த மணி வந்ததும் அந்த நெம்புகோல் விலகும். சுத்தியல் விடுபட்டு மணியை அடிக்கும், ஸ்பிரிங் தளரும் வரை. கடிகாரத்துக்குள் நடப்பது எலிப்பொறியில் நடப்பதேதான். அதனால் ‘தி அலாரம் வென்ட் ஆஃப்’ என்றால் அலாரம் பிடியை விட்டது, அதாவது அடித்தது.

இன்றைய அலாரத்தில் ஸ்பிரிங்கும் இல்லை, பிடியும் இல்லை. மேற்கூரையில் இருக்கும் புகை உணரி ராப்பகலாக மின்சாரத்தில் விழித்துக்கொண்டு இருக்கிறது. இயந்திரம் போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது. சுவிட்ச் காலத்தில் ஆங்கிலம் கற்ற நமக்கு அந்தப் பழைய பிடி கண்ணுக்குத் தெரிவதில்லை. குழப்பம் முழுக்க அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

‘ஃபங்ஷன் வென்ட் ஆஃப் வெல்’ என்பதையும் இதே படத்தில் வைத்து நினைவில் கொள்ளலாம். எல்லா ஏற்பாடும் பண்ணி, பிடித்து நிறுத்தி வைத்திருந்த ஒன்று, நேரம் வந்ததும் விடுபட்டு ஓடியது. ஒழுங்காக ஓடியதா இல்லையா என்பதைப் பின்னால் வரும் சொல் சொல்லும். ‘வெல்’ அல்லது அதுபோல ஒன்று கூட வராமல் இந்தப் பொருளில் ‘கோ ஆஃப்’ பெரும்பாலும் நிற்காது.

தமிழ்க்காரருக்கு இது புதுசா?

மொழியியலாளர் ஈவ் கிளார்க் 1974-ல் ‘லாங்க்வேஜ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கிலத்தில் நிலை மாற்றத்தைச் சொல்லும்போது, இயல்பான நிலையை விட்டு விலகுவதற்கு ‘கோ’ வரும், இயல்புக்குத் திரும்புவதற்கு ‘கம்’ வரும் என்பது அதன் சாரம். பைத்தியம் பிடித்தால் ‘கோ மேட்’. தெளிந்தால் ‘கம் டு ஹிஸ் சென்சஸ்’.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, இதை நம்ம வீட்டு அடுப்படியில் தினமும் கேட்கிறோமே என்பதுதான். குழம்பு ஊசிப்போச்சு. பால் திரிஞ்சு போச்சு. பழம் அழுகிப் போச்சு. மாவு புளிச்சுப் போச்சு. ‘மில்க் ஹேஸ் கான் ஆஃப்’ என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பால் எங்கேயும் போகவில்லை, பாத்திரத்தில்தான் இருக்கிறது. தன் பதத்தை விட்டுத்தான் போனது. தூங்கிப்போனான், களைச்சுப்போனான், பயந்துபோனான், உடைஞ்சுபோச்சு, காணாமப்போச்சு என்று பட்டியல் நீளும். ‘நெகிழ்ந்து போனேன்’, ‘அசந்து போனேன்’ என்று நல்ல விஷயத்துக்கும் சொல்கிறோம். ஆகவே இந்தப் ‘போ’ கெடுதலை மட்டும் குறிப்பதில்லை. தன் கட்டுப்பாட்டில் இல்லாமல், இருந்த நிலையை விட்டு நகர்வதைக் குறிக்கிறது.

‘போ’ தனி வினையாக வரும்போதும் இதன் சாயல் உண்டு. கரண்ட் போச்சு, கரண்ட் வந்துருச்சு. நினைவு போச்சு, நினைவு வந்துருச்சு. ஆனால் இங்கே கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ‘காய்ச்சல் வந்தது, இப்போ போயிருச்சு’ என்றும் சொல்கிறோமே? அங்கே வருவதும் போவதும் காய்ச்சல். ஆள் நின்ற இடத்திலேயே இருக்கிறார். துணைவினையாக ஒட்டும் ‘போ’தான் ஆங்கிலத்து ‘கோ ஆஃப்’-க்கு நெருங்கிய சொந்தம்.

‘போ’, ‘வா’ என்பவை பேசுகிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தவை என்பதைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே சொல்லிவிட்டது. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலைக்கு. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு. நம் பக்கம் வருவது வரவு, நம்மை விட்டு விலகுவது செலவு. வீட்டுக் கணக்கு நோட்டில் இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறோம்.

அப்படியானால் தமிழர்கள் எங்கே தடுக்குகிறோம்? வெடிக்கும் வரிசையில் மட்டும்தான். அங்கே தமிழ் ‘போ’வை விடுவதில்லை. குண்டு வெடிச்சது, துப்பாக்கி வெடிச்சது, அலாரம் அடிச்சது, ஃபிளாஷ் அடிச்சது. ‘அலாரம் போச்சு’ என்றால் நமக்கு அது ரிப்பேர். தமிழில் இந்த இடத்துக்கு வருவது ‘விடு’. அம்பு விட்டான், தீபாவளிக்கு ராக்கெட் விட்டான். பிடித்து வைத்ததை விடுவது என்ற அதே படம் இதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பட்டாசு விடுவதற்கு ‘லெட் ஆஃப்’ என்பார்கள். தப்பு செய்தவனைத் தண்டிக்காமல் விடுவதற்கும் ‘லெட் ஆஃப்’தான். ராக்கெட்டையும் விடுகிறோம், ஆளையும் ‘போனாப் போகுது’ என்று விடுகிறோம். இரண்டு மொழியும் ஒரே ஊர்ச் சந்தையில் துணி எடுத்த மாதிரி இருக்கிறது.

இரண்டு சோதனைகள்

சரி, ஒரு வாக்கியத்தைப் பார்த்ததும் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு உதவும் இரண்டு வழிகள்.

முதல் சோதனை: ‘வென்ட் ஆஃப்’ என்பதை ‘இஸ் ஆஃப்’ என்று மாற்றிப் பாருங்கள். லைட் ‘வென்ட் ஆஃப்’, இப்போ லைட் ‘இஸ் ஆஃப்’. சரியாக வருகிறது. பால் ‘வென்ட் ஆஃப்’, இப்போ பால் ‘இஸ் ஆஃப்’. இதுவும் சரி. துப்பாக்கி ‘வென்ட் ஆஃப்’, இப்போ துப்பாக்கி ‘இஸ் ஆஃப்’? பொருளே இல்லை. அலாரம் ‘வென்ட் ஆஃப்’, இப்போ அலாரம் ‘இஸ் ஆஃப்’? வாக்கியம் நிற்கிறது, ஆனால் பொருள் தலைகீழாகிவிட்டது. லைட், பால் வகையில் சொல் ஒரு முடிவு நிலையைச் சொல்கிறது. துப்பாக்கி, அலாரம் வகையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறது. சம்பவத்துக்குப் பிறகு அந்த நிலை தங்குவதில்லை.

இரண்டாவது சோதனை: செய்பவரை உள்ளே கொண்டு வாருங்கள். ஒருவர் லைட்டை நிறுத்தினால் ‘டர்ன் ஆஃப்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆஃப்’. ஒருவர் குண்டையோ அலாரத்தையோ கிளப்பினால் ‘செட் ஆஃப்’. ‘தி ஸ்மோக் செட் ஆஃப் தி அலாரம்’ என்றால் புகையால் அலாரம் அடித்தது. ‘தி கார்ட் டர்ன்ட் ஆஃப் தி அலாரம்’ என்றால் காவலர் அதை நிறுத்தினார். அலாரத்துக்கு மட்டும் இரண்டு ஜோடியும் உண்டு, அதனால்தான் அது இவ்வளவு ஆளைக் கவிழ்க்கிறது. ஆனால் ‘கோ ஆஃப்’ என்று தானாக நடப்பதாகச் சொன்னால் அது ‘செட் ஆஃப்’-இன் ஜோடி மட்டுமே. அலாரம், சைரன், மணி என்று வந்தால் ‘கோ ஆஃப்’ எப்போதும் அடிப்பதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலேயர்களே சண்டை போடும் இடம்

திடீரென்று ஒரு யோசனை உதிப்பதற்கு அமெரிக்காவில் ‘எ லைட் பல்ப் வென்ட் ஆஃப் இன் மை ஹெட்’ என்கிறார்கள். பல்பு ‘ஆஃப்’ ஆனால் இருட்டுதானே, ‘வென்ட் ஆன்’ என்றல்லவா சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதைக் கேலி செய்கிறார்கள். இன்னொரு தரப்பு, அது கேமரா ஃபிளாஷ் பல்பு என்கிறது. பழைய ஃபிளாஷ் பல்பு ஒரு தடவை மட்டும் பயன்படும். உள்ளே இருக்கும் மெல்லிய உலோகக் கம்பி ஆக்ஸிஜனில் ஒரே நொடியில் பளீரென்று எரிந்து தீர்ந்துவிடும். அது உண்மையிலேயே வெடிக்கிற வகை. அப்படிப் பார்த்தால் ‘வென்ட் ஆஃப்’ சரி. பல்பைத் தொடர்ந்து எரிகிற பொருளாக நினைக்கிறீர்களா, ஒரு தடவை வெடிக்கிற பொருளாக நினைக்கிறீர்களா என்பதுதான் சண்டை. ‘இருந்த நிலை எது’ என்ற நம்ம கேள்வியேதான்.

நம்ம ஊருக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே இன்னொரு பொல்லாத வாக்கியம் உண்டு: ‘மை போன் வென்ட் ஆஃப் இன் தி மீட்டிங்.’ அமெரிக்கர் எழுதினால் மீட்டிங் நடுவே போன் அடித்து மானம் போச்சு என்று அர்த்தம். நம்மில் ஒருவர் எழுதினால் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே வாக்கியம், எதிரெதிர் செய்தி. படிப்பவருக்குச் சந்தேகமே வராது என்பதுதான் இதில் ஆபத்து. புரியாத வாக்கியம் என்றால் திருப்பிக் கேட்போம். தப்பாகப் புரிந்த வாக்கியத்தை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

என் வேலையில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். சர்வர் கோளாறு பற்றி வெளிநாட்டுக் குழு எழுதிய குறிப்பில் ‘அலாரம் வென்ட் ஆஃப் அட் 2.10’ என்று இருந்தது. எங்கள் பக்கம் அதைப் படித்த புதுப் பையன், 2.10-க்கு அலாரம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டான். கோளாறு இருக்கும்போதே அலாரம் ஏன் நின்றது என்று அரை நாள் கண்காணிப்பு நிரலைக் குடைந்துகொண்டிருந்தான். கெட்டிக்காரப் பையன்தான். அவன் தேடிய தப்பு அந்த நிரலில் இல்லை.

இந்தத் துறையில் அலாரங்களின் நிலைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் ‘ஆன்’, ‘ஆஃப்’ பக்கமே போகவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பிராமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் எச்சரிக்கை வந்தால் ‘ஃபயரிங்’, தீர்ந்தால் ‘ரிசால்வ்டு’. அமேசானின் கிளவுட்வாட்ச்சில் ‘அலாரம்’, ‘ஓகே’, தகவல் போதவில்லை என்று மூன்று நிலை. ‘ஃபயர்’, ‘டிரிக்கர்’ எல்லாம் துப்பாக்கியிலிருந்து வந்தவைதான், ஆனால் அவற்றுக்கு எதிர்ப்பொருள் கிடையாது.

எழுதும்போது

படிக்கும்போது இந்தச் சொல்லின் ஒழுங்கைத் தெரிந்துகொள்வது நல்லது. எழுதும்போது, அதுவும் பல நாட்டவர் படிக்கும் இடத்தில், உயிரோ வேலையோ சம்பந்தப்பட்ட விஷயத்தில், இதைத் தொடாமல் இருப்பது அதைவிட நல்லது. அலாரம் அடித்தால் ‘ரேங்’, ‘சவுண்டட்’ என்று எழுதலாம். நின்றால் ‘ஸ்டாப்ட்’. குண்டுக்கு ‘எக்ஸ்ப்ளோடட்’. போனுக்கு ‘ரேங்’ அல்லது ‘டைட்’. எல்லாம் ஒற்றைச் சொற்கள், ஒரே பொருள். அறிவிப்புப் பலகை எழுதுகிறவர்கள் ‘வென் யூ ஹியர் தி அலாரம்’ என்று எழுதிவிட்டால் பிரச்சினையே முடிந்தது. காதில் விழுவதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது. முடிந்தால் பக்கத்திலேயே தமிழிலும் ஒரு வரி: அபாய மணி அடித்தால் உடனே வெளியேறவும்.

மற்ற இடங்களில் ‘கோ ஆஃப்’ கண்ணில் பட்டால் அகராதியைத் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்தப் பொருள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது? எரிந்துகொண்டிருந்தால் அணைந்தது. நன்றாக இருந்திருந்தால் கெட்டது. பிடித்து வைக்கப்பட்டிருந்தால் வெடித்தது. முக்கால்வாசி வாக்கியங்களுக்கு இது போதும். இதே கேள்வியை ‘டேக் ஆஃப்’, ‘புட் ஆஃப்’, ‘கால் ஆஃப்’ மேலும் போட்டுப் பாருங்கள். அவையும் கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறக்கும்.